திண்டுக்கல் ஆவாரை

மல்லிகைக்கும் கனகாம்பரத்திற்கும் திண்டுக்கல் பூச்சந்தையில் நாள்தோறும் விலை கூறப்படுகிறது. ஆவாரம்பூவுக்கு ஆண்டில் ஒரு நாள் மட்டுமே அங்கு இடம். பொங்கலுக்கு முன்னாள், அண்டை வீட்டு இந்துச் சகோதரர்கள் வேப்பிலையோடும் பூளையோடும் சேர்த்துக் காப்புக் கட்டுவதற்காக அது கட்டுக்கட்டாக வந்து சேரும். மறுநாள் அதை யாரும் தேடார். ஆயினும் இவ்வூரின் செல்வத்தையும் சிறப்பையும், பின்னர் வந்த துயரத்தையும் எழுதப் புகுவோர் எந்தப் பூவை விட்டாலும் இந்தப் பூவை விட்டுவிட்டு எழுத இயலாது. பூட்டும் புகையிலையும் திண்டுக்கல்லின் பெயரோடு ஒட்டிக்கொண்டன. அவற்றுக்கு இணையாக நின்ற தோல் தொழிலை இந்தச் சிறு செடியே தாங்கி நின்றது என்பதை நம் இளைய தலைமுறையினர் அறிந்திலர்.

மேற்கே பழனி மலைத்தொடரும் தென்கிழக்கே சிறுமலையும் நிற்க, இடையே கிடக்கும் சமவெளி செம்மண்ணும் கரிசலும் சரளையும் கலந்தது. வடகிழக்குப் பருவமழையை நம்பியே இங்கு வாழ்வு. மழை பொய்த்த ஆண்டில் புல் கருகும், கிணறு வற்றும். அக்காலத்தும் சாலையோரத்திலும் கண்மாய்க் கரையிலும் தரிசிலும் பசுமை மாறாமல் பொன்னிறப் பூக்களோடு நிற்பது ஆவாரை. ஆழ இறங்கும் ஆணிவேர் அதன் முதல் காவல். அதன் இலையை ஆடுமாடுகள் பெரும்பாலும் விரும்பிக் கடிப்பதில்லை என்பது இரண்டாவது. அடியோடு வெட்டினாலும் தூரிலிருந்து மீண்டும் தழைப்பது மூன்றாவது. பூவில் தேன் இல்லை. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் மகரந்தப் பையின் நுனியிலுள்ள சிறு துளைக்குள் அடைபட்டுக் கிடக்கும். கருவண்டு போன்ற பெரிய வண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து ரீங்கரித்தால்தான் அது வெளியே உதிரும். காலையில் ஆவாரங் காட்டின் பக்கம் செல்வோர் கேட்கும் அந்த முரலொலி, வண்டு தன் கூலியை உலுக்கி வாங்கும் ஓசையே.

பண்டைத் தமிழர் இதனை ஆவிரை என்றனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் நிரல்படுத்திய மலர்களுள் இதுவும் ஒன்று. காதலில் தோற்ற ஆடவன் பனைமட்டைக் குதிரை ஏறி ஊர்நடுவே வரும் மடலேற்றத்தில் எருக்கோடும் பூளையோடும் ஆவிரை மாலையும் சூடுவான் எனச் சங்கச் செய்யுள்கள் கூறுகின்றன. மானம் துறந்தவன் அணிந்துவரும் பூவாக இதனைப் புலவர் கொண்டனர். எளிதிற் கிடைப்பதன் மதிப்பு எக்காலத்தும் இவ்வளவுதான் போலும்!

தாவரநூலார் இட்ட பெயரில் நமக்கு ஒரு சுவையான செய்தி உண்டு. 1753ஆம் ஆண்டு லின்னேயசு இதற்குக் காசியா ஆரிகுலேட்டா எனப் பெயரிட்டார். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல் விரிந்து நிற்கும் செதில்களைக் கண்டே 'காதுடையது' எனப் பொருள்படும் பின்பெயரை வைத்தார். பின்னர் ராக்ஸ்பரோ என்னும் அறிஞர் இதனைச் சென்னா என்னும் இனத்தில் சேர்த்தார். இன்றும் அப்பெயரே நிலைத்துள்ளது. சென்னா என்பது இலத்தீனுக்குரிய சொல்லன்று. 'ஸனா' என்னும் அரபுச் சொல்லே அது. ஸனா மக்கீ என நம் யூனானி ஹகீம்கள் வழங்குவதும், திருநெல்வேலிச் சீமையில் பயிராகி நிலாவரை என நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படுவதும் ஆவாரையின் உடன்பிறப்பே.

திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு ஹதீஸ் வந்துள்ளது. மரணத்திற்கு மருந்தென்று ஒன்று இருக்குமானால் அது ஸனாவாகத்தான் இருக்கும் என்பது அதன் கருத்து. ஆவாரை பூத்துக் கிடக்கும் ஊரில் சாவைக் கண்டவர் உண்டோ எனக் கேட்கிறது நம் நாட்டுப் பழமொழி. கடல் கடந்த இரு நிலங்களில், ஒரே குடும்பத்து இரு செடிகளைப் பற்றி, ஏறத்தாழ ஒரே வகையான சொல் வழங்கியது வியப்பிற்குரியது. ஆனால் இதைக் கொண்டு இரண்டும் ஒன்றெனக் கொண்டுவிடலாகாது. ஸனாவின் இலை பேதி மருந்து, வயிற்றை இளக்குவது. ஆவாரையின் பட்டையோ துவர்ப்பு மிகுந்தது, இறுக்குவது. மருந்துக் கடையில் ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி வந்தால் விளைவு வேறாகும்.

அந்தத் துவர்ப்பே நம் வரலாற்றின் நடுப்பொருள். ஆவாரம் பட்டையில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு துவர்ச்சத்து உண்டு. பச்சைத் தோலில் உள்ள புரதத்தோடு அது கலந்து இறுகினால், தோல் பின்னர் நீரில் நனைந்தாலும் அழுகாது, காய்ந்தாலும் விறைக்காது. கிராமத்துச் சக்கிலியர் பன்னெடுங் காலமாக இதனை அறிந்திருந்தனர். காலுக்குச் செருப்பும், மாட்டுக்கு வாரும், கிணற்றில் நீரிறைக்கும் கமலையின் தோல் வாலும் ஆவாரையிலும் கருவேலம் பட்டையிலும் ஊறிய தோலிலிருந்தே உருவாயின. இந்தச் சமவெளியின் கிணற்றுப் பாசனம் மின்சாரம் வருமுன் ஆவாரையின் துணையோடு நடந்தது என்றால் மிகையாகாது.

இனி, இத்தொழிலில் நம்மவர் எவ்வாறு நுழைந்தனர் எனக் காண்போம். திண்டுக்கல் கோட்டையில் 1755ஆம் ஆண்டு பௌஜ்தாராக அமர்ந்து உயரத் தொடங்கியவர் ஹைதர் அலி. அவருடைய உடன்பிறந்தாள் அமீருன்னிஸா பேகம் அடங்கியிருப்பதாகப் போற்றப்படும் பேகம்பூர் இன்றும் நகரின் பெரிய முஸ்லிம் குடியிருப்பு. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கும்பினியார் கைக்கு நிலையாகச் சென்றது. குதிரை வீரரைக் குறிக்கும் இராவுத்தர் என்னும் பெயரைத் தாங்கிய நம் மக்கள் குதிரையை விட்டிறங்கி வாணிபத்தில் புகுந்தனர். அவர்களுட் பலர் தோலைத் தேர்ந்துகொண்டனர்.

ஏன் தோல்? செத்த விலங்கின் தோலைத் தொடுவது தீட்டு எனக் கருதிய வணிகச் சாதியார் பலர் அத்தொழிலிலிருந்து விலகி நின்றனர். நம் ஃபிக்ஹு நூல்களோ பதனிட்ட தோல் தூய்மையானது எனத் தெளிவாக உரைத்திருந்தன. மைமூனா (ரலி) அவர்களின் வீட்டைச் சார்ந்த ஆடு ஒன்று செத்தபோது, அதன் தோலைப் பயன்படுத்தக் கூடாதா என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவியதும், நீரும் 'கரழு'ம் அதனைத் தூய்மைப்படுத்தும் என அருளியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. கரழு என்பது நம் ஊர்க் கருவேலத்தின் இனம். தாயிஃப் நகரம் அதனைக் கொண்டு பதனிட்ட தோலுக்குப் புகழ் பெற்றது. குபா பள்ளிவாசலின் முஅத்தினாக இருந்த ஸஅத் (ரலி) அவர்கள் கரழு வாணிபம் செய்தமையால் ஸஅத் அல்கரழு என்றே அழைக்கப்பட்டார். மரப்பட்டையும் காயும் விற்றவர் என்ற பட்டப்பெயர் ஒரு முஅத்தினுக்கு இழிவாகத் தோன்றவில்லை.

எதனைக் கொண்டு பதனிடுவது என்பதில் இமாம்களிடையே நுண்ணிய கருத்து வேற்றுமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் துவர்ப்பும் காரமும் உடைய பொருள் வேண்டும். வெயிலில் உலர்த்துவதும் உப்பிடுவதும் மட்டும் போதா. ஹனஃபீ மத்ஹபில் வெயிலில் உலர்த்துதலும் மண்ணிட்டு உலர்த்துதலும் கூட ஏற்கப்படும். இராவுத்தர்கள் ஹனஃபீகள், ஆயினும் அவர்கள் கையாண்ட ஆவாரம் பட்டை இரு மத்ஹபாரும் குறை கூற முடியாத பொருள். தீட்டென்று பிறர் ஒதுங்கிய வாயிலில் நம்மவர் தயக்கமின்றி நுழைந்ததற்கு இந்த மார்க்கத் தெளிவு பெருந்துணையாயிற்று என்பதே என் துணிபு. மூலதனம் போட்டவர் முஸ்லிம்களாயினும், சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்று கைகால் வெந்தவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களே என்பதையும் இவ்விடத்தில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தோலுக்குக் கிடைத்த தூய்மை அவர்களுக்குச் சமுதாயத்தில் கிடைக்கவில்லை.

நாட்டுமுறைப் பதனிடல் ஏற்றுமதித் தொழிலாக மாறியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். சார்லஸ் டி சூசா என்னும் யூரேசியர் பதனிடும் முறையைச் சீர்திருத்திச் சென்னைப் பகுதியில் தொடங்கி வைத்ததாக, 1904இல் சென்னை மாகாணத் தோல் தொழிலைப் பற்றித் தனிநூல் எழுதிய ஆல்பிரட் சாட்டர்டன் குறித்துள்ளார். சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய தோலை ஆவாரஞ் சாற்றில், முதலில் நீர்த்ததிலும் பின்னர் செறிந்ததிலும், வாரக் கணக்கில் மாற்றி மாற்றி ஊறவைப்பர். இறுதியில் கடுக்காய் நீரில் இடுவர். ஆவாரையில் மட்டும் ஊறிய தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். கடுக்காய் அதைத் தடுக்கும். பிறகு எண்ணெய் தடவி நிழலில் உலர்த்துவர். இளமஞ்சள் நிறத்தில் மென்மையாக விளங்கிய அத்தோலை இலண்டன் வணிகர் 'கிழக்கிந்தியப் பதனிடு தோல்' என்ற பெயரால் வாங்கினர். வேறு நாடுகளில் இத்தோல் போல் அமையாமைக்குக் காரணம் ஆவாரைதான். அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தக்காணத்திலுமே மிகுதி.

1875ஆம் ஆண்டு திருச்சியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை திண்டுக்கல் வழியாகச் சென்றது. ஊர் ஊராக வாங்கிய ஆட்டுத்தோலும் செம்மறித்தோலும் இங்கு வந்து குவிந்து, பதமாகி, சென்னைப் பெரியமேட்டுக்குச் சென்று ஏலமாகிக் கப்பலேற அது வழி செய்தது. மறு ஆண்டே தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை மக்கள் மாண்டனர். மாடும் ஆடும் அவர்களுக்கு முன்பே மாண்டன. அவ்வாண்டுகளில் தோல் ஏற்றுமதி பெருகியது என்னும் செய்தியைப் படிக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. தோல் வாணிபத்தின் ஏற்றத்தை எழுதும் நூல்கள் இந்த வரியை விரைந்து கடந்துவிடுகின்றன.

தோல் ஷாப்புகள் பெருகப் பெருகப் பட்டைக்குத் தேவை மிகுந்தது. ஏழை எளியோர், சிறப்பாகப் பெண்கள், தரிசிலும் காட்டோரத்திலும் ஆவாரங் கழிகளை வெட்டி, பட்டையை உரித்து, உலர்த்திக் கட்டாகக் கட்டி விற்றனர். அரசுக் காடுகளில் பட்டை எடுக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. உரித்த கழி விறகாயிற்று. தழை நெல்வயலுக்கு, குறிப்பாக உவர் ஏறிய வயலுக்கு, உரமாயிற்று. பயிரிடாமல் விளைந்து, வரி கட்டாமல் வளர்ந்த ஒரு செடி இத்தனை குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது.

முதல் உலகப் போர் வந்தது. போர்வீரரின் காலணி மேற்புறத்திற்கு இத்தோல் வேண்டுமென ஆங்கில அரசு கேட்டது. பட்டை போதவில்லை. தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியிலிருந்து வாட்டில் என்னும் சீகை மரத்தின் பட்டை கப்பலில் வரத் தொடங்கியது. அதில் துவர்ச்சத்து மிகுதி. ஒரே சீராகவும் கிடைத்தது. ஆவாரை பின்னுக்குச் சென்றது. 1946ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்து இந்தியா அந்நாட்டோடு வாணிபத்தை முறித்தது, நியாயமான முடிவு. அதன்பின் ஆவாரைக்குத் திரும்பியிருக்கலாம். அரசோ வாட்டில் மரத்தையே இங்கு வளர்க்க எண்ணியது. நீலகிரியிலும் பழனி மலையின் கொடைக்கானல் மேட்டிலும் பரந்த புல்வெளிகளில் அது நடப்பட்டது. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுவது அப்புல்வெளி. இன்று வாட்டில் அங்கே தானே பரவும் களையாகி, அதனை அகற்றுவது எவ்வாறு என அரசும் நீதிமன்றமும் ஆராய்கின்றன. மலையின் நீர் கீழே திண்டுக்கல் சமவெளிக்கு வரவேண்டிய நீர். தரிசில் தானே நின்ற ஆவாரையை விட்டு, மலைப்புல்லை அழித்து வேற்று மரத்தை வளர்த்த கணக்கு இது.

மற்றொரு மாற்றம் குரோமியத்தால் வந்தது. 1884இல் அகஸ்டஸ் சூல்ட்சு அமெரிக்காவில் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். சாட்டர்டன் 1903இல் சென்னைக் கலைப்பள்ளியில் அதனைச் சோதித்தார். வாரக்கணக்கில் ஆன வேலை ஓரிரு நாளில் முடிந்தது. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1972இல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுதும் முடித்த தோலாக விற்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. நாட்டுக்கு அன்னியச் செலாவணி வந்தது. தொழிற்சாலைகளில் இரசாயனங்கள் பெருகின.

கழிவுநீர் எங்கே சென்றது? திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஓடைக்கும் குளத்திற்கும் நிலத்தடிக்கும் சென்றது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. குடிக்கவும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயிருந்தன. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மாசு படுத்தியவரே அதற்குரிய இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தில் உறுதிபெற்ற தீர்ப்புகளுள் இது முதன்மையானது.

நடுநிலை தவறாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் குரோமியத்தின் மீது போடுவது பொருந்தாது. பச்சைத்தோலைக் கெடாமல் காக்க இடும் உப்பும், சுண்ணாம்பும், தோலிலிருந்து கழியும் ஊனும் ஆவாரைக் காலத்திலும் இருந்தன. அன்றும் தோல் ஷாப்பின் பக்கத்துக் கிணற்றில் நீர் குடிக்க யாரும் விரும்பியிரார். தொழில் சிறிதாக இருந்தவரை மண் பொறுத்துக்கொண்டது, பெருகியபோது பொறுக்கவில்லை. ஆனால் நம் மதரஸாக்களில் ஓதப்படும் குதூரீயை விரித்துப் பாருங்கள். தூய்மையின் பாடத்தில் நீரின் சட்டங்கள் வரும்; அதற்குள்ளேயே பதனிட்ட தோல் தூய்மையாகும் என்ற சட்டம் வரும்; அதனை அடுத்து, கிணற்றில் அசுத்தம் விழுந்தால் எத்தனை வாளி இறைக்க வேண்டும் என்ற நீண்ட ஆராய்ச்சி தொடங்கும். ஷாஃபிஈக்களின் அபூ ஷுஜாவிலும் ஏழு வகை நீரைச் சொன்ன உடனே தோலின் பேச்சு வருகிறது. தோலையும் கிணற்றையும் இமாம்கள் ஒரே பாடத்தில் வைத்தார்கள். நம் வணிகப் பெருமக்கள் நடுவில் உள்ள வரியை மனப்பாடம் செய்து, முன்னும் பின்னும் உள்ளவற்றைப் புரட்டிவிட்டார்கள். குருவி விழுந்த கிணற்றுக்கு வாளி எண்ணிய சமுதாயம் 350 கிணறுகளுக்கு என்ன எண்ணியது?

ஆவாரை இன்று தொழிலை விட்டு மருந்துக்குத் திரும்பியுள்ளது. கிழக்கிந்தியப் பதனிடு தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தாலும், பட்டை கேட்டு வருவோர் அரியர். சித்த மருத்துவர் நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் தருகின்றனர். இலங்கையில் சிங்களர் இதன் உலர்ந்த பூவை 'ரணவரா' என்ற பெயரில் தேநீர் போல் காய்ச்சிப் பருகுவது பழைய வழக்கம். நீரிழிவுக்கு ஏற்கெனவே மாத்திரை உண்போர், மருத்துவரைக் கேளாமல் இதனை நாள்தோறும் பருகுவது தகாது. சாலையோரச் செடிகள் மனைகளாகவும் நாற்கரச் சாலைகளாகவும் மாறிவரும் நாளில், பூ வேண்டுவோர் தம் வீட்டிலேயே வளர்ப்பது நலம். குழாய்நீர் என்றைக்கு வரும் எனக் காத்திருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பூச்செடி வேறில்லை.

முற்றிய நெற்று தட்டையாகவும் தாள்போல் மெல்லியதாகவும் பழுப்பு நிறத்தில் செடியிலேயே காயும். அதனைப் பறித்து விதையை எடுக்க வேண்டும். விதையின் தோல் கடினமானது. அப்படியே விதைத்தால் பலவும் முளைக்காமல் கிடக்கும். கொதித்து இறக்கிய வெந்நீரை விதைமேல் ஊற்றி, ஓர் இரவு அதிலேயே ஊறவிட்டு, உப்பியவற்றை மட்டும் எடுத்து விதைப்பது நல்லது. ஆவணி இறுதியிலோ புரட்டாசியிலோ விதைத்தால் ஐப்பசி மழை அதனை வளர்த்துவிடும். ஆணிவேர் விரைந்து இறங்குவதால் பிடுங்கி நடுவதை இது பொறுக்காது. எங்கு நிற்க வேண்டுமோ அங்கேயே ஊன்ற வேண்டும். எரு வேண்டா. நிழல் ஆகாது. நீர் தேங்கினால் வேர் அழுகும். முதற்கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் நீர் போதும்; அதன்பின் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆளுயரம் வரை புதராக வளர்வதால் சுற்றுச்சுவரின் ஓரம் ஏற்ற இடம். பூத்து ஓய்ந்தபின் பாதி உயரத்திற்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து கிளைத்து மறுபடி பூக்கும். வெட்டிய கழியின் பட்டையை நகத்தால் கீறி நாவில் வைத்தால், திண்டுக்கல் தோலின் துவர்ப்பு இன்னும் அப்படியே இருப்பது தெரியும்.